மாற்று ரத்த மையம் நடத்திய ரத்ததான முகாம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காதைக் கொடுத்தால் போதும், கைவேலையை நிறுத்த வேண்டாம். கீரை ஆய்கிறவர்கள் ஆய்ந்துகொண்டே கேட்கலாம். இன்றைக்கு ஒரு ரத்தக் கதை சொல்லப் போகிறேன். பயந்துவிடாதீர்கள், இதில் வெட்டும் இல்லை, குத்தும் இல்லை. ஒரே ஒருவருக்கு எதிர்பாராமல் ஊசி ஏறும். அவரும் சிரித்த முகமாகத்தான் இருப்பார். அவர் ஏன் சிரித்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அடி அண்ணாமலையில் கண்ணாயிரம் என்று ஒருவர் இருக்கிறார். பந்தல் போடுகிற தொழில். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம், பௌர்ணமிக்கு அன்னதானம், எதுவானாலும் சவுக்குக் கம்பு நட்டு, ஷாமியானாவை இழுத்துக் கட்டி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்வார். மேடையில் யார் என்ன பேசினாலும் அவருக்கு ஒரே கவலைதான். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது?

அவர் மனைவி தங்கம்மாள் கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறவள். மாதவிலக்கு நாள் கணக்கில்லாமல் போக ஆரம்பித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நம்ம பெண்கள் அப்படித்தானே, வீட்டில் எல்லோருக்கும் தலைவலி தைலம் தேய்த்துவிட்டுத் தன் வலியை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வார்கள். ஒருநாள் இளநீர் சீவிக்கொண்டிருந்தவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. கண்ணாயிரம் ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே டாக்டர் தஹ்சீன் என்ற பெண் மருத்துவர் பார்த்தார். சோதனைகள் எடுத்தார். எடுத்ததையே இன்னொரு தடவை எடுத்தார். பிறகு இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"கர்ப்பப்பையில கட்டி இருக்கு. எடுத்துட்டா சரியாப் போயிடும், பயப்படற மாதிரி இல்ல. ஆனா ஒடம்புல ரத்தம் ரொம்பக் கம்மி. ஆபரேஷன்ல இன்னும் போகும். ஒரு பை ரத்தமாவது கையில இல்லாம நான் கத்தியத் தொடமாட்டேன்."

"என்னோடத எடுத்துக்குங்க டாக்டரம்மா. எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க," என்று கண்ணாயிரம் சட்டைக் கையை மடித்தார்.

"உங்களோடது சேராது. யாரோடதும் சேராது. இவங்களது பாம்பே குரூப்."

கண்ணாயிரம் மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நாங்க விழுப்புரத்தத் தாண்டிப் போனதே இல்லீங்களேம்மா."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கதான் மொதல்ல கண்டுபிடிச்சாங்க. அதனால அந்தப் பேரு. ஆயிரத்துல, பத்தாயிரத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கும். சாதாரண சோதனையில பாத்தா ஓ குரூப் மாதிரியே தெரியும். ஆனா ஓ குரூப் ரத்தத்த ஏத்தினோம்னா ஆளே போயிடுவாங்க. அதே குரூப்தான் வேணும்."

தங்கம்மாள் கட்டிலில் சாய்ந்தபடியே சொன்னாள்: "கேட்டியா? என் ரத்தத்துக்கு ஊர்லயே ஜோடி கிடையாதாம். நீ இன்னாடான்னா நான் வெச்ச கொழம்புல உப்பு ஜாஸ்தின்ற."

டாக்டரம்மா எங்கெங்கோ போன் செய்துவிட்டிருந்தார். அந்த குரூப்பில் பெயர் கொடுத்து வைத்தவர்கள் இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவருக்கு மஞ்சள் காமாலை. இன்னொருவர் துபாயில். "இரும்புச் சத்து டிரிப் போட்டு ஒடம்ப நான் தேத்திட்டு வர்றேன். ரத்தப்போக்கு நிக்கறதுக்கு மாத்திரையும் குடுக்கறேன். ரொம்ப நாள் தாங்காது. அதுக்குள்ள ரத்தத்துக்கு வழி பாக்கணும்," என்றவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல, "வேங்கிக்கால்ல புதுசா ஒரு மையம் வந்திருக்கே, மனுஷங்க குடுக்காத ரத்தம், எந்த குரூப்புக்கும் சேரும்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. என்ன நெலமையில இருக்குன்னு தெரியல. கேட்டுப் பாருங்க," என்றார்.

கண்ணாயிரத்துக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஏன் தெரியுமா? அந்த மையத்தின் திறப்பு விழாவுக்குப் பந்தல் போடப் போகிறவரே அவர்தான்.

*

மாற்றுக் குருதி உயர்நிலை ஆய்வு மையம் என்று வாசலில் பொன்னெழுத்தில் எழுதியிருந்தார்கள். உள்ளே போனதும் கண்காணிப்பாளர் சகாதேவன் பிடித்துக்கொண்டார்.

"வாய்யா பந்தலு. முன்வரிசையில சோபா மூணு. நடு சோபாவுக்கு மட்டும் டர்க்கி டவல். மத்த ரெண்டுக்கும் சாதா டவல் போதும். மாத்திப் போட்டின்னா என் வேலையே போயிடும்."

"ஆயிடும் சார். அது கெடக்கட்டும், எனக்கு ஒரு பை ரத்தம் வேணும் சார். எங்க வீட்டுல..."

சொல்லச் சொல்ல சகாதேவனின் முகம் உண்மையாகவே வாடிவிட்டது. கெட்ட மனுஷன் இல்லை அவர். "அடப் பாவமே" என்று சொல்லி, கண்ணாயிரத்தின் தோளில் கைபோட்டு உள்ளறைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன், நடுவில் பூ மாதிரி முடிச்சு. பக்கத்தில் தாம்பாளத்தில் ஒரு கத்திரிக்கோல், அதற்குச் சந்தனம், குங்குமம்.

"இதுதான் சார் அந்த ரத்தமா?" என்று கண்ணாயிரம் கிசுகிசுத்தார். கோயில் கருவறையில் பேசுகிற மாதிரி தானாகவே குரல் இறங்கிவிட்டது.

"இதுதான் அதுக்கான ஃபிரிட்ஜ்," என்றார் சகாதேவன். "ஆனா மேலிடம் வந்து ரிப்பன வெட்டாம யாரும் கதவத் தொறக்கக் கூடாது. வியாழக்கிழமை வெட்டிடுவாங்க. வெள்ளிக்கிழமை நீ வா."

மேலிடம் என்பது ஓர் ஆளா, ஓர் அலுவலகமா, இல்லை மாடியறையா என்பது கண்ணாயிரத்துக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. சென்னையிலிருந்து வரும் என்று மட்டும் சொன்னார்கள்.

இயக்குநரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அழைத்துப் போனார் சகாதேவன். இயக்குநர் டாக்டர் அருணகிரி நன்றாகப் படித்தவர், நல்ல உயரம், நல்ல குரல். அவருக்கு ஒரே ஒரு பழக்கம். எதிரே ஓர் ஆள் நின்றாலும் ஓராயிரம் பேர் நிற்பதாகத்தான் பேசுவார். கண்ணாயிரத்தைக் கண்டதும் எழுந்து, மேசையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டார்.

"பெருந்திரளாக வந்திருக்கும் பெரியோர்களே! ரத்தம் வேண்டும் என்று மனிதன் மனிதனிடம் கையேந்தும் அவலத்தை ஒழிப்பதே நம் மையத்தின் லட்சியம். இனி எந்தத் தாய்க்கும் எந்த அந்நியனும் கை நீட்ட வேண்டியதில்லை. ஊசி என்ற சொல்லையே அகராதியிலிருந்து நீக்குவோம்!"

சகாதேவன் கைதட்டினார். கண்ணாயிரமும் தட்டினார். பிறகு இயக்குநர் ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினார். அதில் பால்போல ஏதோ இருந்தது. வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று மாதிரிக்காகக் கொடுத்ததாம். ரத்தம் செய்கிற வேலையில் முக்கியமான ஒன்றை, நுரையீரலிலிருந்து காற்றைச் சுமந்துபோகிற வேலையை, இதுவும் செய்யுமாம்.

"வெள்ளையா இருக்குதுங்களே," என்றார் கண்ணாயிரம்.

"அதுதான் பெரிய பிரச்சினை," என்று சகாதேவன் பெருமூச்சு விட்டார். "போட்டோவுல பால் பாக்கெட் மாதிரி தெரியும்னு மேலிடத்துலருந்து சொல்லிட்டாங்க. எந்தச் செவப்புன்னு முடிவு பண்ண ஒரு குழு போட்டிருக்கு. பெயிண்ட் கடையில போயி அட்டை வாங்கியாந்து, மூணு மாசமா பாத்துக்கினு இருக்காங்க. ரெண்டு பேரு குங்குமச் செவப்புன்றாங்க. தலைவரு மட்டும் செங்கல் செவப்புல நிக்கறாரு."

*

வியாழக்கிழமை பந்தல் தயாராக நின்றது. டர்க்கி டவல் நடு சோபாவில் கிடந்தது. மேலிடம் வரவில்லை. அன்று பௌர்ணமி என்பதை யாரும் பார்க்கவில்லை. கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்க, சென்னை கார் செங்கத்துப் பக்கமும் நுழைய முடியாமல், வேலூர்ப் பக்கமும் நுழைய முடியாமல், இரண்டு தடவை ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மேலிடத்துக்குக் காரிலேயே கிரிவலம் ஆகிவிட்டது என்று டிரைவர் சொன்னாராம்.

ஆனால் விழா நின்றாலும் முகாம் நிற்கவில்லை. அது என்ன முகாம் என்கிறீர்களா? மேலிடம் கலந்துகொள்ளும் விழா எதுவானாலும் அதையொட்டி ரத்ததான முகாம் நடத்தியாக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. பாலம் திறந்தாலும் முகாம், பள்ளிக்கூடம் திறந்தாலும் முகாம். இது மட்டும் விதிவிலக்கா? பந்தலுக்கு மேலே பெரிய பேனர் கட்டியிருந்தார்கள்: 'ரத்ததானமே தேவைப்படாத பொன்னாளை நோக்கி, மாபெரும் ரத்ததான முகாம்! அனைவரும் வாரீர், ரத்தம் தாரீர்!'

கண்ணாயிரம் அதைக் கட்டும்போது எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு சகாதேவனிடம் கேட்டார்: "சார், இங்க ரத்தம் வேணாம்ன்றதுக்குத்தான மையம்? அப்பறம் எதுக்கு ரத்தம் எடுக்கறாங்க?"

"யோவ், சுற்றறிக்கையில இருக்குதுய்யா," என்றார் சகாதேவன். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் கட்டில் இயக்குநருக்கு. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுப்பார். கையில் குழாயை வைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டுவார்கள். உள்ளங்கையில் ரப்பர் பந்து. இயக்குநர் காமிராவைப் பார்த்துச் சிரித்து, இன்னொரு கையின் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். நாலு படம் எடுத்ததும் பிளாஸ்திரியைப் பிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஊசி கிட்டே வராது. வழக்கமாக வருகிற நர்ஸுக்கு இது மனப்பாடம்.

"சாருக்குச் சின்ன வயசுலருந்தே ஊசின்னா ஆவாது," என்று சகாதேவன் ரகசியமாகச் சொன்னார். "பத்தாவது படிக்கறப்ப அம்மை ஊசி போட வந்தவங்களுக்குப் பயந்து கெணத்துல எறங்கி நின்னாராம். ரத்தம் குடுக்காம ரத்தம் வரணும்ன்ற ஆராய்ச்சிக்கு அவரு வந்ததே அதனாலதான்."

கண்ணாயிரமும் அன்றைக்கு ரத்தம் கொடுத்தார். சேராது என்று தெரியும். ஆனாலும் வீட்டில் ஒருத்தி ரத்தமில்லாமல் கிடக்கும்போது, தன் உடம்பில் இவ்வளவு ஓடுவது அவருக்கு என்னவோ போல இருந்தது.

அடுத்த தேதி குறித்தார்கள். மேலிடத்துக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. அதற்கடுத்த தேதிக்குள் ஏதோ ஓர் இடைத்தேர்தல் அறிவிப்பு வந்து, நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டன. ரிப்பன் தெரிந்தால் வாக்காளர் மனசு மாறிவிடும் என்று ஃபிரிட்ஜுக்கு மேல் செய்தித்தாளை ஒட்டி மறைத்தார்கள். தேர்தல் முடிந்ததும் ஆடி மாதம் பிறந்தது.

"அறிவியலுக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது," என்று இயக்குநர் முழங்கினார். "ஆனால் மேலிடத்துக்கு உண்டு."

ஒவ்வொரு தடவையும் பந்தல் எழும்பியது, பந்தல் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் முகாம் மட்டும் நடந்தது. கல்லூரிப் பிள்ளைகளும் ஆட்டோக்காரர்களும் பூக்கடைக்காரர்களும் வரிசையில் நின்று கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி நிறைந்து போயிற்று.

வீட்டில் தங்கம்மாளுக்கு டிரிப் ஏறி ஏறி முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. ஆனால் கட்டியும் சும்மா இருக்கவில்லை. சில நாள் மாத்திரையையும் மீறி ரத்தம் போகும். அந்த நாட்களில் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

"இன்னாயா, உன் மேலிடம் வந்துச்சா?"

"அடுத்த வாரம் வந்துடும் தங்கம்."

"வர்றப்ப வரட்டும். நான் ஒண்ணும் அவசரப்படல," என்பாள். அவள் அவசரப்படவில்லை என்று சொன்னதுதான் கண்ணாயிரத்தை உலுக்கியது. ஏனென்றால் தங்கம்மாள் எல்லாவற்றுக்கும் அவசரப்படுகிறவள்.

*

ஆடி மாதத்தில் ஒருநாள் நட்டநடு மத்தியானம். கழற்றிய கம்புகளை ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தார் கண்ணாயிரம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. ஃபிரிட்ஜ் உர்ரென்றது.

அவர் இடுப்பில் கயிறு அறுக்கிற கத்தி இருந்தது. செய்தித்தாளைக் கிழித்தார். கத்தியை ரிப்பனில் வைத்தார். ஒரே இழுப்புதான். ஆனால் அறுக்க மனசு வரவில்லை. பிறத்தியார் கட்டிய கட்டை அறுத்துப் பழக்கமில்லாத மனுஷன். முடிச்சைப் பார்த்தார். தொழில் தெரியாதவன் போட்ட முடிச்சு. கத்தியை இடுப்பில் செருகிவிட்டு, ரிப்பனை நெகிழ்த்தி மேலே தள்ளினார். அது தானாகவே கழன்று வந்தது. கதவைத் திறந்தார்.

உள்ளே விளக்கு எரிந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. மேல் தட்டு காலி. நடுத் தட்டு காலி. கீழ்த் தட்டில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. பூஜை போட்ட அன்றைக்கு வைத்தது.

"அய்யய்யோ! தொறந்துட்டியே!" பின்னாலிருந்து சகாதேவன் அலறினார். "மொதமொதல்ல தொறந்தவரு பேரத்தான் கல்வெட்டுல போடணும். உன் பேரயா போடறது?"

கண்ணாயிரம் திரும்பவில்லை. "சார், இதுல ரத்தம் இல்லியே."

"இருக்குதுன்னு நான் எப்பய்யா சொன்னேன்?"

சத்தம் கேட்டு இயக்குநர் வந்தார். ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, இரண்டு பேர் இருக்கிற அந்த அறையில் கையை உயர்த்தினார்.

"பொதுமக்கள் தயவுசெய்து அமைதி காக்க வேண்டும்! திட்டத்தின் முதல் கட்டம், ஃபிரிட்ஜ். அதை நாம் குறித்த காலத்துக்கு முன்பே சாதித்துவிட்டோம். இரண்டாம் கட்டம், ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டிய பொருள். வெளிநாடுகளில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டும் அது இன்னும் முழுசாகக் கைகூடவில்லை. ஆனால் நம்மிடம் அதை வைக்க இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நாம் உலகத்துக்கே முன்னோடி!"

இந்தத் தடவை கைதட்டியது சகாதேவன் மட்டும்தான்.

கண்ணாயிரம் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் தஹ்சீன் முன்னால் நின்றார். "அந்த ஃபிரிட்ஜு காலிங்கம்மா," என்றார். டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"உக்காருங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லல, ஆசை காட்டின மாதிரி ஆயிடும்னு. அந்த மையம் முகாம் நடத்துது பாருங்க, அதுல வர்ற ஓ குரூப் பையை எல்லாம் நாங்க இன்னொரு சோதனை பண்ணிப் பாக்கறோம். ஓ மாதிரித் தெரியற பாம்பே எதுலயாவது ஒளிஞ்சிருக்கும். இது வரைக்கும் கெடைக்கல. ஆனா முகாம் ஜாஸ்தி நடந்தா கெடைக்கற வாய்ப்பும் ஜாஸ்தி."

"அப்ப அந்தத் தெறப்பு விழா நடந்துட்டா?"

"முகாமும் நின்னுடும்."

அன்று சாயங்காலம் கண்ணாயிரம் ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று கற்பூரம் ஏற்றினார். இத்தனை மாசமாக மேலிடம் வரணும், வரணும் என்று வேண்டிக்கொண்டவர், அண்ணாந்து பார்த்து, "அப்பனே, அந்த ஆளு வரவே கூடாது" என்றார். அருணாசலேஸ்வரருக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து ஆள் பிடிக்கக் கிளம்பினார். சாமியார்களிடம் கேட்டார், லாட்ஜ் வாட்ச்மேன்களிடம் கேட்டார். "அண்ணே, நீங்க ஓ குரூப்பா? மையத்துல முகாமு, வாங்கண்ணே. பிஸ்கட்டு, ஜூஸ் எல்லாம் தர்றாங்க" என்று ஊரெல்லாம் அலைந்தார். ரத்ததானத்தை ஒழிக்க வந்த மையத்துக்கு, மாவட்டத்திலேயே அதிக ரத்ததானம் சேர்த்ததற்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள். இயக்குநர் அதைத் தன் மேசையில், வெள்ளைக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

*

ஆவணி பிறந்ததும் மறுபடி தேதி. மறுபடி பந்தல். காலையிலேயே செய்தி வந்துவிட்டது: மேலிடத்துக்கு வேறு ஊரில் வேறு ரிப்பன். கண்ணாயிரம் மனசுக்குள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

அன்றைக்கு வழக்கமாக வருகிற நர்ஸ் லீவு. புதிதாக மாற்றலாகி வந்த நந்தினி என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். சுறுசுறுப்பான பெண். அவளிடம் முதல் கட்டில் வழக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இதை எல்லாம் போய் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

இயக்குநர் படுத்தார். பத்திரிகைக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"சார், சாப்டீங்களா?" என்று கேட்டாள் நந்தினி.

"ஆச்சும்மா, ஆச்சு," என்றார் அவர், காமிராவைப் பார்த்துக்கொண்டே.

"டெஸ்ட் எல்லாம் பாத்தாச்சா?"

"சாருக்கு எல்லாம் பாத்தாச்சு, நீ சீக்கிரம் ஒட்டும்மா," என்று சகாதேவன் அவசரப்படுத்தினார்.

நந்தினி பஞ்சால் துடைத்தாள். இயக்குநர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கட்டை விரலைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து அவள் குத்திவிட்டாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. கட்டை விரலும் அப்படியே நின்றது. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. பளிச், பளிச் என்று படம் எடுத்தார்கள்.

"சூப்பர் சார், அப்படியே இருங்க!"

"சார், இதுவரைக்கும் எத்தனை தடவை ரத்தம் குடுத்திருப்பீங்க?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

"கண... கணக்கே இல்லை," என்றார் இயக்குநர், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு உதட்டை அசைக்காமல் நந்தினியிடம் கேட்டார்: "யம்மா... இது நெஜமாவே போவுதா?"

"நெஜமாத்தான் சார் போவுது. நல்லா வருது சார் ரத்தம். பந்த அமுக்கி அமுக்கி விடுங்க."

அவர் கண்ணாயிரத்தைப் பார்த்தார். காப்பாற்று என்று கெஞ்சுகிற பார்வை. கண்ணாயிரம் புரிந்துகொண்டு ஓடிப்போய் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பாவம், வேர்க்கிறது என்று நினைத்தார்.

பை நிரம்பும் வரை டாக்டர் அருணகிரி சிரித்த முகமாகவே இருந்தார். பத்திரிகைக்காரர்கள் போன பிறகுதான் மயங்கினார். ஜூஸ் கொடுத்து உட்கார வைத்தார்கள். "நான் இன்னும் இருக்கிறேனா?" என்று அவர் கேட்டதாகச் சொல்கிறார்கள். அவர் சின்னக் குரலில் பேசி ஊரார் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் தஹ்சீனிடமிருந்து கண்ணாயிரத்துக்குப் போன் வந்தது. அவர் வேறொரு கல்யாணப் பந்தலின் உச்சியில் ஏணி மேல் இருந்தார். கீழே இறங்கச் சொல்லித்தான் டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். நல்ல வேளை.

இயக்குநருக்கும் போன் செய்தார் டாக்டரம்மா. "சார், உங்க அடையாள அட்டையில ஓ குரூப்னு போட்டிருக்கு. அது தப்பு சார். உங்களது பாம்பே குரூப். உங்களுக்கு ஏதாவது ஆகி யாராவது ஓ ரத்தத்த ஏத்தியிருந்தா..."

"அப்படியானால் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிடலாம் அல்லவா?" என்றாராம் இயக்குநர். "என் பெயர் முதலில் வர வேண்டும்."

தங்கம்மாளுக்கு அறுவை நடந்தது. கட்டி எதிர்பார்த்ததைவிட மோசமான இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் போயிற்று, அந்த ஒரு பையும் தேவைப்பட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்ணாயிரத்தின் போன் அடித்தது. சகாதேவன்தான். "பந்தலு, நடு சோபா டர்க்கி டவலக் காணோம், எடுத்துக்கினு போயிட்டியா?" என்றார். கண்ணாயிரம் போனைக் காதில் வைத்தபடி அறுவை அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் ஸ்ட்ரெச்சர் உருளுகிற சத்தம் மட்டும் போயிற்று. அந்தப் பக்கம் சகாதேவன் கொஞ்சம் கேட்டுவிட்டு, "எங்கய்யா இருக்க? ஆஸ்பத்திரியிலயா? டவல் எங்கனா கெடக்கும், வுடு. நான் வரட்டுமா?" என்றார். சொன்னபடி வந்து பக்கத்தில் உட்காரவும் செய்தார். சாயங்காலம் டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு வெளியே வந்து, "நல்லா இருக்காங்க" என்று சொன்னபோது கண்ணாயிரத்துக்கும் முந்திக்கொண்டு அழுதவர் சகாதேவன்தான்.

*

தங்கம்மாள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மையத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். பந்தல் கண்ணாயிரத்துடையது. மையத்தின் முதல் பயனாளி என்று தங்கம்மாளை மேடையில் ஏற்றி, சால்வை போர்த்தி, ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

இயக்குநர் கையில் கத்தைத் தாளோடு எழுந்தார்.

"நம் மையம் உலகுக்கு அளித்த முதல் வெற்றி இது! இதற்கு நாம் பயன்படுத்தியது நூறு விழுக்காடு உள்நாட்டுத் தொழில்நுட்பம். மின்சாரம் தேவையில்லை. தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் உற்பத்திக்கூடம் நம்மிடம் இருக்கிறது. எடுத்த அளவை மூன்றே மாதத்தில் அதுவே நிரப்பிக்கொள்ளும். செலவு, ஒரு டம்ளர் ஜூஸ்! நிறம் பற்றிய விவாதத்துக்கும் இத்துடன் முற்றுப்புள்ளி வைக்கப்படுகிறது. சிவப்பாகவே வருகிறது என்பதை நான் நேரில் பார்த்தேன்!"

கைதட்டல் எழுந்தது. குழுத் தலைவர் மட்டும், "செங்கல் செவப்பா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

பயனாளி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தங்கம்மாளிடம் மைக்கை நீட்டினார்கள். அவளுக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. கூட்டத்தைப் பார்க்காமல் இயக்குநரையே பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"சார், ஒங்க ரத்தம்தான் எனக்குள்ள ஓடுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க. ஒங்களுக்கு ஒண்ணுன்னா ஊர்ல எவன் குடுத்தாலும் சேராதாமே? எனக்காவது வூட்டுக்காரரு நாயா அலைஞ்சி ஒங்களப் புடிச்சாரு. ஒங்களுக்கு யாரு சார் அலைவாங்க? நீங்க பயப்படாதீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல ஒடம்பு நல்லாத் தேறிடும்னு சொல்லியிருக்காங்க. அப்பறம் எப்ப வேணும்னாலும் ஒரு போன் போடுங்க. கடைய அப்படியே போட்டுட்டு வந்துடறேன்."

இயக்குநரின் கையில் பேச இன்னும் பல பக்கம் பாக்கி இருந்தது. மேலே உள்ள தாளைப் பார்த்தார். கீழே உள்ளதைப் பார்த்தார். நாற்பது வருஷமாக, கார் ஓட்டியிருக்கிறார், மாடிப்படி ஏறியிருக்கிறார், மழையில் ரோட்டைக் கடந்திருக்கிறார், சட்டைப் பையில் தப்பான அட்டையோடு. அது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கூட்டம் காத்திருந்தது. அவர் தாள்களை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, தங்கம்மாள் பக்கத்தில் குனிந்தார்.

"ஒங்க நம்பர் சொல்லுங்கம்மா," என்றார்.

"எனக்கு எங்க சார் ஞாபகம் இருக்குது? யோவ்! நம்பர் சொல்லுய்யா சாருக்கு!"

கண்ணாயிரம் கம்பத்தோரம் நின்றபடி ஒவ்வோர் எண்ணாக உரக்கக் கத்தினார். டாக்டர் அருணகிரி சகாதேவனிடம் பேனா வாங்கி, போட்டோக்காரர்கள் இருப்பதைக்கூட மறந்து, பள்ளிக்கூடப் பையன்போல உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, சரிதானா என்று கேட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. நேரமாகிறது, உலை கொதிக்கும், போங்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரும் நாள் வராமல் இருக்கட்டும். வந்தே ஆக வேண்டுமென்றால், உங்களுக்காக ஊரெல்லாம் அலைய ஒரு ஜீவனும், போன் அடித்ததும் கடையைப் போட்டுவிட்டு ஓடிவர ஒரு ஜீவனும் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் கன்னம் எப்போதும் சிவந்தே இருக்கட்டும். நல்லா இருங்க.